குதிரையின் முகத்தைப் படிக்கக் கற்ற கதை

போன வாரம் ஹான்ஸ் என்ற குதிரையைப் பற்றி இரண்டு வரி போட்டிருந்தேன். "முழுக்கதையையும் எழுதுங்க டீச்சர்" என்று நாலைந்து பேர் கேட்டீர்கள். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்று ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க முடியாமல் தன் குதிரைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். (நம் துறைக்காரர் அல்லவா, சும்மா இருப்பது கஷ்டம்தான்.) கேள்வி கேட்டால் ஹான்ஸ் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். 1904-ல் அறிஞர் குழு ஒன்று வந்து பார்த்து, இதில் ஏமாற்று ஏதும் இல்லை என்றது. பிறகு ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் பொறுமையாகச் சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரைக் குதிரையின் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தாலும் தெரியவில்லை. தட்டுவது சரியான எண்ணை எட்டியதும் கேட்பவரின் தலை தன்னை அறியாமல் துளி அசைகிறது. அதைப் பார்த்து ஹான்ஸ் நிறுத்திக்கொள்கிறது. 1907-ல் இதை அவர் புத்தகமாகவே வெளியிட்டார்.

குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று சிரித்துவிட்டுப் பலர் இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. மனிதத் தலையின் அந்தச் சின்ன அசைவைக் குதிரை கண்டுபிடித்துவிட்டது. அதே குதிரைக்கு வலித்தால் அதன் முகத்தில் என்ன மாறுகிறது என்று பட்டியல் போட மனிதனுக்கு இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அதற்கு முன் யாருமே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கர் செனபோன், அடித்துச் செய்ய வைக்கும் குதிரையிடம் அழகு வராது என்று எழுதினார். ஹான்ஸுக்கு முன்பே 1877-ல் இங்கிலாந்தில் அன்னா சீவெல் 'பிளாக் பியூட்டி' நாவலை வெளியிட்டார். குதிரையே தன் கதையைச் சொல்வதாக அமைந்த நூல். வண்டிக்குதிரையின் தலை கம்பீரமாக நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காக, வாய்க்கம்பியிலிருந்து ஒரு வாரை இழுத்துக் கட்டுவது அன்றைய நாகரிகம். கழுத்தை இறக்க முடியாமல் குதிரை படும் பாட்டை அந்த நாவல் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. அன்னா சீவெல் சிறு வயதில் விழுந்து கணுக்கால்கள் பாதிக்கப்பட்டவர். நெடுந்தூரம் நடக்க முடியாமல் வாழ்நாள் முழுவதும் குதிரை வண்டியை நம்பியே இருந்தவர். வலி என்னவென்று அந்த அம்மாளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. நூல் வெளியான சில மாதங்களில் இறந்துபோனார்.

வண்டி போய் மோட்டார் வந்தது. குதிரை போட்டி மைதானத்துக்குப் போனது. ட்ரெஸ்ஸாஜ் என்று ஒரு போட்டி உண்டு, 1912 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. சவாரி செய்பவரின் சைகைக்குக் குதிரை நடனம் போல அடியெடுத்து வைக்க வேண்டும். நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். இதற்கான பயிற்சியில் குதிரையின் மோவாய் மார்பைத் தொடும் அளவுக்குக் கழுத்தை மடக்கும் பழக்கம் பரவியது. 2009-ல் டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் ஒரு போட்டிக்கு முன் எடுத்த காணொளியில், ஒரு குதிரையின் நாக்கு நீலம் பாரித்து வெளியே தொங்கியது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பலவந்தமாகக் கழுத்தை மடக்குவது ஏற்கத்தக்கதல்ல என்று 2010-ல் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் அறிவித்தது.

நாக்கு நீலமானால் யாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய நிலைதான் கஷ்டம். குதிரை இரையாகும் இனம். வலியைக் காட்டினால் புலியோ ஓநாயோ முதலில் அதைத்தான் பிடிக்கும். நாயைப்போல அது கத்தாது. ஒரு கால் வலித்தால் நொண்டும், சரி. இரண்டு பின்னங்கால்களும் ஒரே அளவில் வலித்தால்? நொண்டல் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். நடை மந்தமாகும், வால் சுழலும், காது பின்னால் போகும். உடனே 'பிடிவாதம்', 'சோம்பேறி' என்று பட்டம். பின் பெஞ்சில் தலை சாய்த்திருக்கும் பையனுக்கும் இதே பட்டங்கள்தான். அவன் காலையில் சாப்பிட்டானா என்று யாரும் கேட்பதில்லை.

2014-ல் மிலான் நகர ஆய்வாளர்கள் முன்னின்று, காயடிப்பு அறுவை செய்த குதிரைகளின் முகத்தைப் படமெடுத்து ஒரு வலி அளவுகோல் செய்தார்கள். பின்னால் விறைத்த காது, இறுகிய கண், புடைத்த தாடைத் தசை, இப்படி ஆறு குறிகள். ஆனால் அது கொட்டிலில் நிற்கும் குதிரைக்கு. மேலே ஆள் உட்கார்ந்து ஓடும் குதிரைக்கு 2018-ல் பட்டியல் தந்தவர் இங்கிலாந்தின் கால்நடை மருத்துவர் சூ டைசன்.

அவர் பட்டியலில் 24 குறிகள். காது 5 விநாடிக்கு மேல் பின்னால் சாய்ந்திருப்பது, வெறித்த பார்வை, வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பது, நாக்கு வெளியே வருவது, வாலை ஒரு பக்கமாக இறுக்கிப் பிடிப்பது அல்லது ஓயாமல் வீசுவது, கால் இடறுவது, முன்னே போக மறுப்பது என்று போகிறது. ஒரு குறியை மட்டும் வைத்து எதுவும் சொல்லக்கூடாது. 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். எட்டுக்குக் கீழே இருந்தால் வலியே இல்லை என்றும் அர்த்தமில்லை.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை என்று அவர் காட்டிய விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நொண்டும் குதிரையின் காலில் மரத்துப்போகும் ஊசி போட்டார். அதே குதிரை, அதே ஆள், அதே சேணம். வலி அடங்கியதும் குறிகளும் வெகுவாகக் குறைந்தன. குணம்தான் காரணம் என்றால் ஊசிக்கு அது எப்படி மாறும்? உரிமையாளர்கள் நன்றாக இருப்பதாக நம்பிய குதிரைகளையும் சோதித்தார். அவற்றில் பாதிக்கு மேல் நொண்டின.

டோக்கியோ ஒலிம்பிக் நினைவிருக்கும். 2021 ஆகஸ்டில் நவீன ஐந்தம்சப் போட்டியில் முன்னணியில் இருந்த ஜெர்மனி வீராங்கனைக்கு செயின்ட் பாய் என்ற குதிரை குலுக்கலில் கிடைத்தது. அந்தப் போட்டியில் புதுக்குதிரையோடு பழக 20 நிமிடம்தான். குதிரை தாண்ட மறுத்தது. முந்தைய வீராங்கனையிடமும் மறுத்திருந்தது. அந்தப் பெண் அழுதார், சாட்டையைப் பயன்படுத்தினார், பயிற்சியாளர் முஷ்டியால் குதிரையைக் குத்தினார். அதற்கு வலியா, பயமா என்று டிவி படத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. இறங்கிப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது மட்டும் தெரிந்தது. பாரிஸ் 2024 தான் அந்தப் போட்டியில் கடைசிக் குதிரைச் சவாரி. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் அதற்குப் பதில் தடை தாண்டும் ஓட்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குதிரையின் வாய் திறக்காதபடி மூக்கைச் சுற்றி ஒரு பட்டை கட்டுவார்கள். அதை அதிகம் இறுக்கினால் டைசன் பட்டியலின் ஒரு குறி நம் பார்வைக்கு வராமலே போய்விடும். இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய விதி. யாருடைய விரல் என்று கேட்காதீர்கள். 2025-ல்தான் சர்வதேசச் சம்மேளனம் இறுக்கத்தை அளக்கப் பொதுவான ஒரு கருவியைக் கொண்டுவந்தது.

ட்ரெஸ்ஸாஜ் காணொளிகள் யூடியூபில் நிறைய இருக்கின்றன. ஒன்றைப் போட்டு, சவாரி செய்பவரின் தொப்பியை விட்டுவிட்டு வாலையும் வாயையும் காதையும் பத்து நிமிடம் பாருங்கள். எத்தனை குறி எண்ணினீர்கள் என்று கீழே எழுதுங்கள். நானும் எண்ணி வைத்திருக்கிறேன்.