வலக்கை தளரும்போது பேச்சும் தடுமாறுவது ஏன்? மூளைப் புறணியின் பகுதிகளும் பணிகளும்

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு வலது கை செயலிழப்பதோடு பேச்சும் நின்றுபோகிறது. மற்றொருவருக்குக் கைகால்கள் நன்றாக இயங்குகின்றன. ஆனால், அவர் பேசுவது எவருக்கும் புரிவதில்லை. இன்னொருவர் தட்டின் வலப்பாதியில் உள்ள உணவை மட்டும் உண்டுவிட்டு எழுந்துவிடுகிறார். நோய் ஒன்றாக இருப்பினும் அறிகுறிகள் வெவ்வேறாக உள்ளன. மூளைப் புறணியின் எந்தப் பகுதியில் இரத்த ஓட்டம் தடைப்பட்டது என்பதே இந்த வேறுபாட்டிற்குக் காரணமாகும்.

புறணி என்பது யாது?: பெருமூளையின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் சாம்பல் நிற அடுக்கே புறணி ஆகும். மருத்துவர்கள் இதனை கார்டெக்ஸ் என்று அழைக்கின்றனர். இதன் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை மட்டுமே. எனினும், மடிப்புகளை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ ஒரு நாளிதழின் முழுப் பக்க அளவிற்கு வரும். இதில் சுமார் 1,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. முன்புறத்தில் நெற்றி மடல், அதன் பின்னால் மேற்புறத்தில் உச்சி மடல், காதுகளை ஒட்டிப் பொட்டு மடல், பின்தலையில் பிடரி மடல் என ஒவ்வோர் அரைக்கோளமும் நான்கு முதன்மை மடல்களாகப் பிரிக்கப்படுகிறது.

அசைவும் தொடு உணர்வும்: நெற்றி மடலின் பின் விளிம்பில் உள்ள ஒரு பட்டை, உடலின் அசைவுகளைக் கட்டுப்படுத்துகிறது. அதற்கு நேர் பின்னால், உச்சி மடலில் உள்ள பட்டை தொடு உணர்வைப் பெறுகிறது. நரம்புப் பாதைகள் குறுக்காகச் செல்வதால், இடப்பக்க மூளை உடலின் வலப்பக்கத்தையும், வலப்பக்க மூளை உடலின் இடப்பக்கத்தையும் ஆள்கின்றன.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தபோது, அவர்கள் விழித்திருக்கும் நிலையிலேயே புறணியை மெல்லிய மின்தூண்டலால் சோதித்தார். மூளைத் திசுவிற்கு வலி உணர்வு இல்லாததால் இது இயன்றது. 1937ஆம் ஆண்டு வெளியான அவரது ஆய்வின் மூலம், எந்த இடம் எந்த உறுப்பிற்குரியது என்ற வரைபடம் உருவானது. அதில் கைவிரல்கள், உதடு, நாக்கு ஆகியவற்றிற்கு மிகப் பரந்த இடமும், முதுகு போன்ற பெரிய பகுதிகளுக்குக் குறைந்த இடமும் இருந்தன. உறுப்பின் பருமனைவிட, அதன் நுட்பமான செயல்திறனே புறணியில் அதற்குரிய இடத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த வரைபடத்தில் கைக்குரிய இடமும் முகத்திற்குரிய இடமும் அருகருகே உள்ளன. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் கையை இழந்த சிலரின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத கையே தொடப்படுவதாக அவர்கள் உணர்ந்தனர். கையிலிருந்து தகவல் வராமல் போன இடத்தைப் பக்கத்திலுள்ள முகப்பகுதியின் நரம்புகள் பயன்படுத்திக்கொள்வதே காரணம் என அவர் விளக்கினார்.

பேச்சின் இருப்பிடம்: 1861ஆம் ஆண்டு, பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, 'டான்' என்ற ஒலியைத் தவிர வேறு எதையும் ஏறத்தாழப் பேச இயலாத ஒரு நோயாளியைக் கண்டார். பிறர் கூறுவதை அவரால் புரிந்துகொள்ள முடிந்தது. அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்தபோது, இடப்பக்க நெற்றி மடலில் சிதைவு காணப்பட்டது. 1874ஆம் ஆண்டு, ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதற்கு மாறான நிலையை விவரித்தார். இடப்பக்கப் பொட்டு மடலின் பின்பகுதி பாதிக்கப்பட்டவர்கள் தங்குதடையின்றிப் பேசினர்; ஆனால், பேச்சில் பொருள் இல்லை. பிறர் பேச்சும் அவர்களுக்கு விளங்கவில்லை. இத்தகையவர்களைக் குடிபோதையில் இருப்பவர் என்றோ, மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றோ தவறாகக் கருதிவிடும் வாய்ப்பு இன்றும் உள்ளது.

வலக்கைப் பழக்கமுள்ள பெரும்பாலோருக்கு மொழிக்குரிய பகுதிகள் இடப்பக்க மூளையில் உள்ளன. அதே பக்கத்தில்தான் வலது முகத்தையும் வலது கையையும் இயக்கும் பகுதியும் அமைந்துள்ளது. இவை அனைத்திற்கும் நடுப்பெருமூளைத் தமனி என்ற ஒரே இரத்தக்குழாயின் கிளைகள் இரத்தம் வழங்குகின்றன. எனவே, அதில் அடைப்பு ஏற்படும்போது வாய் கோணுதல், வலக்கை தளர்தல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை சேர்ந்து வருகின்றன. காலுக்குரிய பகுதி இரு அரைக்கோளங்களுக்கும் இடையிலான உட்புறத்தில், வேறொரு தமனியின் எல்லைக்குள் இருப்பதால், கால் சில வேளைகளில் குறைவாகவே பாதிக்கப்படுகிறது.

பார்வையும் கவனமும்: கண்கள் முன்புறம் இருந்தாலும், காட்சியை உணரும் பகுதி பின்தலையிலுள்ள பிடரி மடலில் உள்ளது. அங்கு ஒரு பக்கம் பாதிக்கப்பட்டால், இரு கண்களிலும் எதிர்ப்பக்கப் பாதிக் காட்சி மறைகிறது. இதனைக் கண் நோய் எனக் கருதிக் கண்ணாடி மாற்ற முயல்வோரும் உண்டு. ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலும் மறு கண்ணிலும் அதே பாதி மறைந்திருந்தால், குறை மூளையில் இருக்க வாய்ப்புள்ளது.

வலப்பக்க உச்சி மடல் பாதிக்கப்படும்போது நிலைமை இன்னும் விசித்திரமானது. நோயாளி தம் இடப்பக்க உலகையே கவனிக்கத் தவறுகிறார். தட்டின் இடப்பாதி உணவு மீதமாவதும், முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் சவரம் செய்துகொள்வதும் இதனால்தான். இடது கை செயலிழந்திருந்தும், தமக்கு எந்தக் குறையும் இல்லை என்று அவர் உறுதியாகக் கூறக்கூடும். ஆகவே, நோயாளியின் சொல்லை மட்டும் நம்பி மருத்துவமனைக்குச் செல்வதைத் தாமதப்படுத்தக் கூடாது.

திட்டமிடலும் நடத்தையும்: நெற்றி மடலின் முன்பகுதி, திட்டமிடுதல், உந்துதல்களை அடக்குதல், முடிவெடுத்தல் ஆகியவற்றிற்கு உதவுகிறது. 1848ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில் ரயில் பாதைப் பணியின்போது நிகழ்ந்த வெடிப்பில், ஃபினியாஸ் கேஜ் என்பவரின் மண்டையை இரும்புக் கம்பி ஒன்று ஊடுருவிச் சென்றது. உயிர் பிழைத்த அவரது குணம் மாறிவிட்டதாக அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் பதிவு செய்தார். எனினும், பின்னாளில் கேஜ் சிலி நாட்டில் குதிரை வண்டி ஓட்டுநராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

தொடரும் வரைபடப் பணி: 1909ஆம் ஆண்டு கோர்பினியன் பிராட்மன், செல்களின் அமைப்பை வைத்துப் புறணியின் பகுதிகளுக்கு 52 வரையிலான எண்களை இட்டார். 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, ஒவ்வோர் அரைக்கோளத்திலும் 180 பகுதிகளை அடையாளம் கண்டது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 வெட்டுத்துண்டுகளின் படங்களாக, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. இப்பகுதிகள் எதுவும் தனித்து இயங்குவதில்லை. ஒரு சொல்லைப் படித்து உரக்கச் சொல்வதற்கே பார்வை, மொழி, அசைவு ஆகிய பகுதிகள் இணைந்து செயல்பட வேண்டும். மூளையில் 10 விழுக்காடு மட்டுமே பயன்படுகிறது என்ற கூற்றுக்கு அறிவியல் அடிப்படை இல்லை.

காலமே மருந்து: பெருந்தமனி அடைப்பால் ஏற்படும் பக்கவாதத்தில், சிகிச்சை இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, பொதுவாக அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். இரத்தக் கசிவா, அடைப்பா என்பதை ஸ்கேன் மூலம் அறிந்த பின்னரே மருந்து முடிவு செய்யப்படும். எனவே, வீட்டிலேயே மாத்திரை கொடுப்பது ஆபத்தானது. நோயாளி கடைசியாக இயல்பாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108 அல்லது 112 எண்ணை அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். அறிகுறிகள் சில நிமிடங்களில் தாமாக மறைந்துவிட்டாலும், அதனை எச்சரிக்கையாகக் கருதி அன்றே மருத்துவரை அணுகுவது அவசியம்.

பாதிப்பு ஏற்பட்ட பின்னரும், தொடர்ந்த இயன்முறைப் பயிற்சியாலும் பேச்சுப் பயிற்சியாலும் சேதமடையாத பகுதிகள் இழந்த பணிகளில் சிலவற்றை மெல்ல ஏற்றுக்கொள்கின்றன.