இடைக்கால ஐரோப்பாவின் போர்ச் சேணம்

இடைக்கால ஐரோப்பாவின் போர்முறையை ஆராய்வோர் வாளையும் கவசத்தையும் விரித்துரைத்துச் சேணத்தைச் சிறுபொருளாக எண்ணி விடுத்தல் பெருவழக்கு. 1962-இல் லின் வைட் என்னும் அறிஞர், அங்கவடியே குதிரை வீரனை ஈட்டிப் போரில் வல்லவனாக்கியது என்றும், நிலமானிய அமைப்பு அதன் வழிவந்தது என்றும் நிறுவ முற்பட்டார். பின்வந்த ஆய்வாளர் பலர் அதனை மறுத்தனர். சேணத்தின் அமைப்பை நோக்குவார்க்கு அம்மறுப்பின் பொருத்தம் இனிது விளங்கும்.

போர்ச் சேணத்திற்கு அடிப்படை மரச்சட்டம். அதன் பக்கப் பலகைகள் குதிரையின் முதுகெலும்புக்கு இருமருங்கும் படிய, நடுவே இடைவெளி அமையும். ஆதலின் வீரனது பளு எலும்பை அழுத்தாது இருபுறத் தசைகளின்மேல் பரவும். சேணத்தின் முன்மேடு உயர்ந்து நின்று அடிவயிற்றைக் காக்கும். பின்மேடு இடுப்பைத் தழுவி வளையும். வயிற்றுவார் சேணத்தை இறுக்கும். மார்புவார் அது பின்னோக்கி நழுவாமல் தடுக்கும்.

ஈட்டியை அக்குளில் இடுக்கிப் பாய்வோனை, தாக்கும் கணத்தில் எழும் எதிர்விசை பின்னே தள்ளும். அங்கவடி அவன் பக்கவாட்டில் சரியாமல் காக்குமேயன்றி, அத்தள்ளலை முற்றும் தாங்கவல்லதன்று. அதனைத் தாங்குவது பின்மேடே. மார்புவாரோ சேணத்தைக் குதிரையோடு பிணித்து நிறுத்தும். இங்ஙனம் குதிரையின் வேகமும் உடற்பளுவும் ஈட்டிமுனையில் ஒன்றுகூடுகின்றன.

காலமுறையும் இதற்குச் சான்றாகும். அங்கவடி 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அவார் இனத்தாரால் ஐரோப்பாவிற்கு வந்தது. எனினும், 1066-இல் நிகழ்ந்த ஹேஸ்டிங்ஸ் போரைக் காட்டும் பேயூ பூத்தையல் சீலையில், அங்கவடியில் கால் ஊன்றிய நார்மானியருள் சிலர் ஈட்டியைத் தலைக்குமேல் ஓங்குகின்றனர். சிலரே அக்குளில் இடுக்குகின்றனர். இடுக்கிப் பாயும் முறை 12-ஆம் நூற்றாண்டில் பொதுவழக்காயிற்று. சேணத்தின் மேடுகள் உயர்ந்து வலுப்பெற்றதும் அக்காலத்தையொட்டியே என்பது கருதத்தக்கது.

காக்கும் கருவியே கேடும் விளைத்ததுண்டு. 1087-இல் மான்ட் நகரில் இங்கிலாந்து மன்னன் முதலாம் வில்லியம் குதிரைமேல் இருந்தபோது சேணத்தின் முன்மேடு வயிற்றில் தாக்கியதால் நோயுற்று மாண்டான் என மாம்சுபரி வில்லியம் என்னும் துறவியார் எழுதியுள்ளார்.

ஆகவே, அங்கவடி ஒன்றையே காரணமாக்கி ஒரு சமுதாய அமைப்பின் தோற்றத்தை விளக்குதல் பொருந்தாது. மரமும் தோலும் இரும்பும் குதிரையும் பயிற்சியும் காலந்தோறும் இணைந்தே அவ்வீரனை உருவாக்கின. அவ்விணைப்பு நிகழ்ந்த இடம் சேணமே எனத் துணியலாம்.