பீச் ஸ்டேஷன் எதிரில் ஒரு தட்டு அத்தோ

போன வாரம் நேயர் ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "வெளியூர்லேர்ந்து ரயில்ல சென்னைக்கு வர்றேன். ஸ்டேஷன் பக்கத்துலயே இந்த ஊருக்குன்னு இருக்கிற சாப்பாடு எங்க கிடைக்கும்? இட்லி தோசை, பிரியாணி எல்லாம் எங்க ஊர்லயே இருக்கு." வரலாறு பேசுற நிகழ்ச்சிக்கு எதுக்கு சாப்பாட்டுக் கேள்வின்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா பதிலைத் தேடப் போனா, அது என்னை நேரா ரங்கூன்ல கொண்டுபோய் நிறுத்திடுச்சு. அதனால இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

சென்ட்ரல்ல இறங்குறீங்கன்னு வெச்சுக்குவோம். எதிரில் இருக்கிற பார்க் ஸ்டேஷனுக்குப் போய் மின்சார ரயில் ஏறுங்க. அடுத்தது கோட்டை, அதற்கடுத்தது கடற்கரை. தாம்பரத்துக்கும் இந்தக் கடற்கரை நிலையத்துக்கும் நடுவில் 1931இலிருந்து மின்சார ரயில் ஓடுது. ஊர்க்காரங்க வாயில் அது எப்பவும் 'பீச் ஸ்டேஷன்'. ஆனா இறங்கிப் பார்த்தா கடலும் இருக்காது, மணலும் இருக்காது. ஒரு காலத்தில் அலை கிட்டத்தட்ட சாலை ஓரம் வரைக்கும் வந்த இடம் இது. 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கின பிறகு கடல் தள்ளிப் போயிடுச்சு, பெயர் மட்டும் தங்கிடுச்சு.

வெளியே வந்தா ராஜாஜி சாலை. அதைக் கடந்து, பாரிமுனைப் பக்கமா உள்ளே போகிற செகண்ட் லைன் பீச் சாலைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போங்க. வரிசையா தள்ளுவண்டிகள் நிக்கும். ஆரஞ்சு நிறத்துல தடியான நூடுல்ஸ் மலை மாதிரி குவிஞ்சிருக்கும். அதுதான் அத்தோ.

அடுப்புல வெச்சு வதக்குற பண்டம் இல்லை இது. வெந்த நூடுல்ஸை ஒரு கிண்ணத்துல அள்ளிப் போட்டு, மெல்லிசா நறுக்கின முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த வெங்காயம், மிளகாய்த் தூள், உப்பு, புளித்தண்ணி, பூண்டு மணக்கிற எண்ணெய், இதெல்லாம் சேர்த்துக் கையாலயே பிசைவாங்க. அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு ஒரு தட்டையை மேலே நொறுக்கிப் போடுவாங்க. அதுக்குப் பேர் பேஜோ. கூடவே வாழைத்தண்டு போட்ட சூப், சுடச்சுட. கேட்டா இன்னொரு கரண்டி ஊத்துவாங்க. வேக வெச்ச முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் காரமும் வெச்சு, புளித்தண்ணி விட்டுத் தருவாங்க. அதை அப்படியே முழுசா வாயில போட்டுக்கணும். பாதி கடிச்சா சட்டை காலி, அனுபவத்துல சொல்றேன்.

இந்தப் பேர்கள் எதுவும் தமிழ் இல்லை. பர்மிய மொழியில் 'அத்தொவ்' என்றால் கையால் பிசைந்து கலந்தது என்று பொருள். 'பெ ஜோ' என்றால் பருப்பு வடை மாதிரி பொரித்தது. சூப்புக்குப் பேர் மொய்ங்கா. பர்மாவில் அது காலைச் சாப்பாடு. மீன் குழம்பில் வாழைத்தண்டும் அரிசி நூடுல்ஸும் சேர்ந்தது. பர்மியர்களின் காலைப் பலகாரம் நம்ம துறைமுகத்துக்கு எதிரில் எப்படி வந்தது?

பர்மாவை ஆங்கிலேயர்கள் மூன்று போர்களில் பிடித்தார்கள். 1885இல் தொடங்கிய மூன்றாவது போரோடு முழு நாடும் அவர்கள் கைக்குப் போனது. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்தான். சென்னையிலிருந்து ரங்கூனுக்குப் போக கடவுச்சீட்டு தேவையில்லை, கப்பல் டிக்கெட் போதும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் நிற்கிற தேக்குத் தூண்கள் அந்தப் பணத்தின் சாட்சி. ஆனால் செட்டியார்களை மட்டும் பேசினால் கதை பாதிதான். அரிசி ஆலைகளில், துறைமுகத்தில், வயலில் கூலிக்குப் போனவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்.

அது பர்மியர்களுக்கு எப்படி இருந்திருக்கும்னும் யோசிக்கணும். சொந்தத் தலைநகரத்துல அவங்க சிறுபான்மை. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. அங்கேயிருந்து வளர்ந்த கசப்பு, நிலம் வாங்கினவனுக்கும் மூட்டை தூக்கினவனுக்கும் வித்தியாசம் பார்க்கலை.

1942இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியே நடந்து இந்தியாவுக்கு வந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் பல ஆயிரம். போர் முடிந்ததும் கணிசமானவர்கள் திரும்பிப் போனார்கள், ஏன்னா வீடு அங்கேதான் இருந்தது. 1948இல் பர்மா விடுதலை அடைந்தது. 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நீ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதே ஆண்டு மே 17ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். முதலில் கடை போனது, ரெண்டு மாசத்துல கையில் இருந்த காசும் போனது. அப்புறம் கப்பல்தான். அந்த ஆண்டுகளில் பர்மாவை விட்டுக் கிளம்பிய இந்தியர்கள் சுமார் 3 லட்சம் பேர். தமிழ்நாட்டில் பதிவானவர்கள் மட்டும் 1,44,000 பேருக்கு மேல்.

அரசு அவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. இந்தச் சொல்லில்தான் எனக்கு ஒரு சிக்கல். அதை எனக்குப் புரிய வெச்சது ஒரு அத்தோ வண்டிக்காரர். எட்டு வருஷமா அவர்கிட்ட சாப்பிடுறேன். ஒருநாள் மழை பெய்து கூட்டம் இல்லாதப்போ கேட்டேன்.

"அண்ணே, அம்மா எப்போ திரும்பி வந்தாங்க?"

பிசைந்துக்கிட்டே சொன்னார். "திரும்பி எங்க தம்பி வந்தாங்க? அவங்க பொறந்ததே ரங்கூன். கப்பல்லேர்ந்து இறங்கினப்பதான் மெட்ராஸை மொதமொதல்ல பாத்தாங்க. அங்க 'கலா'ன்னு சொன்னானாம். இங்க 'பர்மாக்காரி'ன்னாங்க. சாகுற வரைக்கும் அதான் பேரு."

'கலா' என்பது இந்தியர்களைக் குறிக்க பர்மாவில் புழங்குகிற, பெரும்பாலும் இழிவாகச் சொல்லப்படுகிற சொல். அங்கே அந்நியர், இங்கேயும் அந்நியர். பிறந்த ஊரை இழந்து வந்தவரைப் பார்த்துத்தான் நாம 'திரும்பி வந்தவர்'னு எழுதி வெச்சிருக்கோம். சிலருக்கு அது பொறுக்கலை. பர்மாவுக்கே போயிடலாம்னு வடகிழக்கு வழியா நடந்தாங்க. எல்லை தாண்ட முடியாமல் மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டவர்களின் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

இங்கே தங்கினவங்களுக்கு முகாம், கொஞ்சம் தொழில் கடன், ஊர் ஊராகக் குடியிருப்புகள் கிடைத்தன. தஞ்சாவூர், காரைக்குடி என்று பல ஊர்களில் 'பர்மா காலனி' இருப்பது அதனால்தான். சென்னையில் வியாசர்பாடிப் பக்கம் நிறையப் பேர் குடியேறினார்கள். பிழைப்புக்கு அவங்க தேடினது கூட்டம் வருகிற இடம். பீச் ஸ்டேஷனைச் சுற்றித் துறைமுகம், தபால் தலைமையகம், வங்கிகள், பாரிமுனை மொத்தக் கடைகள். சாயங்காலமானா கணக்கருங்க, மூட்டை தூக்குறவங்க, கடைப் பையங்க எல்லாரும் அந்த ஸ்டேஷனை நோக்கி நடக்கணும். நடைபாதையில் 1969இல் பர்மா பஜார் வந்தது. வெளிநாட்டுப் பொருள் எளிதில் கிடைக்காத காலத்தில் ஊரே அங்கே வாட்சும் டிரான்சிஸ்டரும் வாங்கப் போனது. பசியோட ரயில் பிடிக்கப் போறவங்க நின்னபடியே அஞ்சு நிமிஷத்துல சாப்பிட அத்தோ தோதா இருந்தது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. அந்தத் தட்டு மாறிக்கிட்டே வந்திருக்கு. ரங்கூனில் மொய்ங்கா என்றால் மீன். இங்கே மீன் போயிடுச்சு, வாழைத்தண்டு மட்டும் சூப்பாக நின்றது. பர்மிய அத்தோவில் உலர்ந்த இறால் பொடியும் மீன் சாறும் சேரும், இங்கே சேராது. காரம் ஏறியது, புளி ஏறியது. இன்றைக்கு ரங்கூன்காரர் ஒருவர் நம்ம வண்டியில் சாப்பிட்டால், 'இது எங்க ஊர்ப் பண்டமா?' என்று கேட்பார். நாம 'பர்மா சாப்பாடு'ன்னு சொல்றோம். பர்மாவில் இது இல்லை. வேறெங்கேயும் இப்படி உருவாகலை. அப்ப இது எந்த ஊர்ச் சாப்பாடு? சென்னைச் சாப்பாடு. சாம்பார் எவ்வளவு சென்னையோ அவ்வளவு. அந்த அம்மாவை 'பர்மாக்காரி'ன்னு கூப்பிட்ட ஊர், அவங்க கைப்பக்குவத்தைத் தன்னோடதா ஆக்கிக்கிச்சு. பேரை மட்டும் இன்னும் மாத்திக்கலை.

அதனால, கேள்வி கேட்ட நேயருக்கு என் பதில் இதுதான். பார்க்ல ஏறுங்க, பீச்ல இறங்குங்க, சாலையைக் கடந்து செகண்ட் லைன் பீச் போங்க. முட்டை அத்தோ ஒண்ணு, மசாலா முட்டை ரெண்டு. சூப்பைக் கூச்சப்படாம இன்னொரு தடவை கேட்டு வாங்குங்க. வண்டிக்காரருக்கு நேரம் இருந்தா, அவங்க வீட்டுல யார் கப்பல்ல வந்தாங்கன்னு கேளுங்க. 'எப்போ திரும்பி வந்தாங்க'ன்னு மட்டும் என்னை மாதிரி கேட்டுடாதீங்க.

உங்க ஊர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல இப்படி ஒரு கதையோட ஒரு கடை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.