கால் செய்த பிழையா, களம் செய்த பிழையா?

வால்சக்கர விமானம் தரைதொட்டு ஓடும்போது திடீரென ஒரு பக்கம் சுழன்று, இறக்கை நுனி உரசி நிற்பதை விமானிகள் ‘கிரவுண்ட் லூப்’ என்பார்கள். பயிற்சி மாணவரின் கால் ரட்டர் மிதியில் விழிப்பாக இல்லை என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மைதான். இவ்விமானங்களின் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னாலிருந்து இழுக்கும் வண்டி நேரே வரும். பின்னாலிருந்து தள்ளினால் முகம் திருப்பிக்கொள்ளும். அதுபோலத்தான் இங்கும்: சிறு கோணலைக்கூடப் பின்னாலுள்ள எடை பெரிதாக்கிவிடும். ஆனால் இக்குணம் 1931-ல் முதலில் பறந்த டைகர் மாத் பயிற்சி விமானத்துக்கும் உண்டு. அதற்குப் பிரேக் இல்லை. வாலில் சக்கரம்கூட இல்லை, சறுக்குக்கட்டைதான். அது புல்தரையைக் கீறிக்கொண்டு வரும். அந்த இழுப்பே வேகத்தைக் குறைத்து, வாலையும் பின்னாலேயே பிடித்து வைத்தது. அன்றைய பயிற்சிக் களங்கள் பெரும்பாலும் அகன்ற புல்வெளிகள். காற்றுப்பையைப் பார்த்து, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்கு எதிர்முகமாக இறங்க முடிந்தது. கான்கிரீட் ஓடுபாதை வந்தபின் இறங்கும் திசை இரண்டாகச் சுருங்கியது; பக்கக்காற்றோடு மல்லுக்கட்டுவது மாணவரின் அன்றாடப் பாடமாயிற்று. களம் மாறியதன் விலையை மாணவரின் கால்கள் கொடுத்தன என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க மாணவர்கள் பழகிய ஸ்டியர்மேன், புல்வெளியிலும் சுழன்றது. அதன் சக்கரங்கள் நெருங்கியிருந்தன, உடல் உயர்ந்திருந்தது. ஆகவே புல் விபத்தைத் தடுத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மன்னித்தது. புல்லில் டயர் பக்கவாட்டில் வழுக்கும். கான்கிரீட்டில் கவ்விப் பிடிக்கும், அந்தப் பிடியே விமானத்தைச் சாய்த்து இறக்கையைத் தரையில் இடிக்கும்.

மூக்குச்சக்கரம் சிக்கலைத் தீர்த்துவிட்டதே, பழங்கதை எதற்கு என்றும் கேட்கலாம். 1956-ல் செஸ்னா 172 மூக்குச்சக்கரத்தோடு சந்தைக்கு வந்தது; எடைமையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் போனதால் விமானம் தானே நேராக ஓடியது. அதே காலத்தில் இந்தியாவில் 1951-ல் பறந்த எச்.டி.-2, 1958-ல் பறந்த புஷ்பக் ஆகிய பயிற்சி விமானங்கள் வால்சக்கரத்தோடுதான் பிறந்தன. மூக்குச்சக்கரத்தில் பழகிய தலைமுறைக்கு அந்தக் காலடிப் பழக்கமே வாய்க்கவில்லை. அமெரிக்காவில் வால்சக்கர விமானத்தைப் பொறுப்பேற்று ஓட்ட இன்று தனிப்பயிற்சியும் பயிற்றுநரின் ஒப்புதலும் வேண்டும். 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே அப்படி ஓட்டியவர்களுக்கு மட்டும் விலக்கு.