மனவடுவும் எழுத்தும்: சான்றுரை மருத்துவத்தின் வரலாறு

1. முன்னுரை

போர், சிறைக்கொடுமை, இயற்கைப் பேரழிவு ஆகியவற்றிலிருந்து உயிர்தப்பியோரின் உள்ளத்தில் நிலைத்துவிடும் பாதிப்பினை ஈழத்து உளமருத்துவ எழுத்துகள் ‘மனவடு’ எனக் குறிப்பிடுகின்றன. இவ்வடுவை ஆற்றும் வழிகளுள் ஒன்றாக, நேர்ந்ததைக் கதையாகச் சொல்வித்தலும் எழுதுவித்தலும் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கையாளப்பட்டு வந்துள்ளன. துயரைச் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்பது தமிழரின் அன்றாட வழக்கிலும் உள்ள கருத்தேயாகும். ஆயினும் சொல்லி அழுதல் வேறு. சொல்லி ஆறுதல் வேறு. முன்னது எந்நிலையில் பின்னதாக மாறுகிறது என்பதே இம்மருத்துவ வரலாற்றின் மையச் சிக்கலாகும். கொட்டித் தீர்ப்பதனால் மட்டும் ஆறுதல் விளைவதில்லை என்பதும், சொல்பவர் தம் கதைக்குத் தாமே உரியவராக இருத்தல் வேண்டும் என்பதும் இவ்வரலாற்றால் பெறப்படுகின்றன. இதனை ஐந்து நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வியன்னா: கதை சொன்ன நோயாளி

வியன்னா மருத்துவர் யோசப் பிராயர் 1880 முதல் 1882 வரை இளம்பெண் ஒருவருக்கு மருத்துவம் செய்தார். பிராயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895இல் வெளியிட்ட ஆய்வு நூலில் அப்பெண் ‘அன்னா ஓ.’ என்னும் மறைபெயரால் சுட்டப்படுகிறார். அவரது இயற்பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம் (1859-1936). தந்தையின் நோய்ப்படுக்கையருகே இரவுகளில் கண்விழித்துப் பணிவிடை செய்த காலத்தில் அவர் நோயுற்றார். மாலைதோறும் மருத்துவரிடம் தேவதைக் கதைகளை ஒத்த துயரக் கதைகளைக் கூறுவார். கூறி முடித்தபின் அமைதியடைவார். இம்முறைக்குப் ‘பேச்சு மருத்துவம்’ எனப் பெயரிட்டவர் மருத்துவர் அல்லர்; நோயாளியே என்பது குறிப்பிடத்தக்கது.

அவர் முழுநலம் பெற்றார் என்னும் எண்ணத்தையே 1895ஆம் ஆண்டு நூல் தருகிறது. ஆனால் 1882இலேயே அவர் சுவிட்சர்லாந்தின் குரோய்ட்ஸ்லிங்கன் நகர மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார் என்பது பின்னைய ஆய்வுகளால் தெரியவந்துள்ளது. பிற்காலத்தில் அவர் சிறுவர் கதைகளை எழுதி வெளியிட்டார். 1904இல் செருமானிய யூதப் பெண்களுக்கான அமைப்பினை நிறுவினார். 1910இல் அவர் செருமன் மொழியில் பெயர்த்து வெளியிட்டது ‘ஹாமல்ன் கிளூக்கல்’ (1646-1724) என அறியப்படும் யூதப் பெண்ணின் தன்வரலாறு ஆகும். கணவர் 1689இல் இறந்தபின் உறக்கமற்ற இரவுகளின் துயரைக் கடக்கவே எழுதத் தொடங்கியதாகக் கிளூக்கல் தம் நூலில் கூறுகிறார். பேச்சு மருத்துவத்தின் முதல் நோயாளியாகக் கருதப்படுபவர், எழுத்தால் துயராற்றிய ஒருவரை மொழிபெயர்ப்புக்குத் தேர்ந்தமை இவ்வரலாற்றில் சிறப்பாக நோக்கத்தக்கது.

3. கிரெய்க்லாக்கார்ட்: அடக்கிய நினைவு

முதல் உலகப்போரில் உளம் குலைந்த படை அதிகாரிகளுக்காக எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனை 1916இல் திறக்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் (1864-1922) தமிழகத்திற்குப் புதியவர் அல்லர். 1901-02இல் நீலகிரியில் தங்கித் தோடர்களைப் பற்றி ஆராய்ந்து, 1906இல் பெருநூல் ஒன்றை வெளியிட்ட மானிடவியலறிஞரும் அவரே. பிறர் தம் வரலாற்றைக் கூறக் கேட்டு அதனைப் பதிவு செய்வது அவருக்குக் கைவந்த பணியாக இருந்தது.

நடந்ததை மறந்துவிடுமாறு அறிவுறுத்துவதே அக்காலப் பொதுவழக்கு. இவ்வறிவுரையே நோயை வளர்க்கிறது என்பதை 1917 டிசம்பர் 4 அன்று வாசித்த கட்டுரையில் ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார். வெடிகுண்டால் சிதைந்த நண்பனின் உடலைக் கண்ட அதிகாரி ஒருவரை அக்காட்சி கனவுதோறும் வருத்தியது. உடல் அவ்வளவு சிதைந்திருப்பதே நண்பன் துன்பமின்றி நொடியில் இறந்தான் என்பதற்குச் சான்று என ரிவர்ஸ் சுட்டினார். அதன்பின் வந்த கனவில் அவ்வதிகாரி அச்சமின்றி நண்பனுடன் உரையாடினார். நிகழ்ச்சி மாறவில்லை, அதன் பொருள் மாறியது.

எனினும் வேறோர் அதிகாரிக்கு இவ்வழி பயன்படவில்லை என்பதையும் ரிவர்ஸ் மறைக்கவில்லை. குண்டுவெடிப்பில் தூக்கி எறியப்பட்டு அழுகிய பிணத்தின்மீது விழுந்தவர் அவர். அந்நினைவில் ஆறுதலுக்குரிய கூறு எதனையும் காண இயலாமையால், படையை விட்டு விலகி நாட்டுப்புறத்தில் வாழுமாறு அறிவுறுத்தப்பட்டார். எல்லாத் துயரமும் சொல்லித் தீர்வதன்று என்னும் தெளிவு இம்முறையின் தொடக்கத்திலேயே இருந்தமை இதனால் புலனாகிறது.

அம்மருத்துவமனையில் நோயாளிகளே நடத்திய ‘ஹைட்ரா’ என்னும் இதழும் ஈண்டுக் கருதத்தக்கது. 1917இல் கவிஞர் வில்பிரட் ஓவன் அதன் ஆசிரியராக இருந்தார். செயலே மருந்து எனக் கருதிய மருத்துவர் ஆர்தர் பிராக் அவரை எழுதத் தூண்டினார். ஆனால் இம்மருத்துவத்தின் நோக்கம் அதிகாரிகளைப் போர்முனைக்கு மீட்டனுப்புவதாகும். நலம் பெற்றுத் திரும்பிய ஓவன் 1918 நவம்பர் 4 அன்று களத்தில் மாண்டார். கதையைக் கேட்பவர் யாருக்காகக் கேட்கிறார் என்னும் வினாவினை இந்நிகழ்ச்சி எழுப்புகிறது.

4. சிலி: சான்றுரையின் பிறப்பு

அவ்வினாவிற்கு வேறொரு விடை தென்னமெரிக்காவில் பிறந்தது. சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் கைதும் வதையும் பெருகின. 1975இல் தோன்றிய கிறித்தவத் திருச்சபைகளின் சமூக உதவி நிறுவனத்தைச் சார்ந்த உளவியலாளர்கள், வதையுற்றோரின் வரலாற்றை ஒலிநாடாவில் பதிவு செய்தனர். அப்பதிவு எழுத்தாக்கப்பட்டு, உரியவருடன் சேர்ந்து திருத்தப்பட்டு, இறுதியில் அவர் கையிலேயே ஒப்படைக்கப்பட்டது. அவ்வாவணம் ஒருபுறம் மருந்து. மறுபுறம் கொடுமைக்கு எதிரான சாட்சியம். இதுவே ‘சான்றுரை’ எனப்படும் முறையாகும்.

வதைக்கூடத்தில் பேச்சு வலிந்து பெறப்படுகிறது; பேசியவர் குற்றவுணர்வால் குன்றுகிறார். சான்றுரையில் அவர் தம் விருப்பத்தால் பேசுகிறார், வேண்டாததை நீக்குகிறார், தனிமனிதத் துன்பமென எண்ணியது சமூக வரலாற்றின் பகுதி என உணர்கிறார். பறிபோன சொல்லுரிமையே இங்கு மீட்கப்படுகிறது. இம்முறையை உலகிற்கு அறிவித்த 1983ஆம் ஆண்டுக் கட்டுரையை எலிசபெத் லிரா, யூஜீனியா வைன்ஸ்டைன் ஆகிய இருவரும் புனைபெயர்களிலேயே வெளியிட்டனர். பிறர் பேசத் துணைநின்றோர் தம் பெயரை வெளியிட இயலாதிருந்தமை அக்காலத்தின் அச்சத்தை உணர்த்தும்.

5. எழுத்தின் அளவீடு

எழுத்தின் பயனை அளந்தறியும் முயற்சி அமெரிக்காவில் தோன்றியது. ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர் 46 பேர் தொடர்ந்து நான்கு நாள்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதினர். துயர நிகழ்ச்சியையும் அதுபற்றிய உணர்ச்சியையும் இணைத்து எழுதியோர் உடனடியாக மேலும் துயருற்றனர்; ஆனால் பின்வந்த ஆறு மாதங்களில் மருத்துவ நிலையத்தை நாடியது குறைந்தது. உணர்ச்சியை மட்டும் எழுதியோரிடம் இப்பயன் அவ்வாறு காணப்படவில்லை.

எழுதியோரின் சொற்களை ஆராய்ந்தபோது, காரணத்தையும் புரிதலையும் குறிக்கும் சொற்கள் நாளடைவில் மிகுந்தோரே கூடுதல் நலம் பெற்றனர் என்பது 1997இல் தெரியவந்தது. சிதறிய நினைவு கோவையான கதையாக மாறுவதே பயன் தருகிறது என்பதற்கு இம்மொழியியற் சான்று துணைசெய்கிறது. எனினும் 146 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2006ஆம் ஆண்டு மதிப்பீட்டில் எழுத்தின் பயன் உண்மையெனினும் சிறிதே எனக் கண்டறியப்பட்டது.

6. இலங்கையும் வாரணாசியும்

செருமனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக அறிஞர்கள் சான்றுரை முறையை நினைவு பற்றிய உளவியலுடன் இணைத்துப் புதுமுறை ஒன்றை வகுத்தனர். தரையில் நீட்டிய கயிறு வாழ்நாளைக் குறிக்கும். இன்ப நிகழ்ச்சிகளுக்கு மலரும் துன்ப நிகழ்ச்சிகளுக்குக் கல்லும் அதன்மீது வைக்கப்படும். பின்னர்ப் பிறப்பு முதலாக வாழ்க்கை வரிசையாகச் சொல்லப்பட்டு, எழுதப்பட்டு, அவரிடமே படித்துக் காட்டப்படும். கல் கயிற்றின் ஓரிடத்தில் மட்டுமே கிடக்கிறது என்பதைக் கண்ணால் காண்பது இதன் நுட்பமாகும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின், போரும் கடலும் ஒருங்கே தாக்கிய இலங்கையின் வடகிழக்கில் 31 சிறுவர்களிடம் இம்முறை ஆராயப்பட்டது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள், ஒரு பிரிவினருக்குக் கதைமுறையையும் மறுபிரிவினருக்குத் தியானமும் உடல்தளர்வும் சார்ந்த பயிற்சியையும் ஆறு அமர்வுகளில் அளித்தனர். இரு பிரிவினரும் நலம் பெற்றனர். இவ்விரண்டிற்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கதைமுறை பயனுடைய வழி என்பதும், அதுவே ஒரே வழியன்று என்பதும் ஒருங்கே தெளிவாயின.

இந்தியாவில் வாரணாசியைச் சார்ந்த மனித உரிமை அமைப்பொன்று டென்மார்க் மறுவாழ்வு நிறுவனத்துடன் இணைந்து, காவல்துறை வதைக்கு ஆளானோரிடையே சான்றுரை முறையை மேற்கொண்டது. அதன் முன்னோடி ஆய்வு 2009இல் வெளிவந்தது. எழுதப்பட்ட சான்றுரை ஊரார் கூடிய அவையில் படிக்கப்பட்டு, உரியவரிடம் மதிப்புடன் வழங்கப்படுவது இங்குச் சேர்ந்த புதுக்கூறு. இழிவுக்குள்ளாக்கப்பட்டவர் தம் ஊராரின் முன்னிலையிலேயே மாண்பினை மீளப் பெறுகிறார்.

7. முடிவுரை

பேரிடர் நிகழ்ந்தவுடன் ஒரே அமர்வில் அனைத்தையும் சொல்ல வைக்கும் வழக்கம் மனவடுவைத் தடுப்பதில்லை என 2002ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு காட்டியது. நேர்ந்ததைச் சொல்லுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்பது உலக நல்வாழ்வு நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு உளவியல் முதலுதவி வழிகாட்டியின் அறிவுரை. மேற்கண்ட வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது. எப்போது சொல்வது, எதனைச் சொல்வது, எழுதிய ஏடு யாரிடம் இருப்பது என்பவற்றைத் துயருற்றவரே முடிவு செய்யும் நிலையில்தான் எழுத்து மருந்தாகிறது. பேரிடர்ப் பகுதிகளில் வாய்மொழி வரலாறு தொகுப்போரும் செய்தியாளரும் மொழியாய்வாளரும் இவ்வரம்பினை உளங்கொள்ளுதல் வேண்டும். இவ்வரம்பு மீறப்படுமாயின், சான்றுரை கேட்பதும் மற்றொரு விசாரணையாகவே முடியும்.