புதுவைக் காவலும் நீதிபதியின் கண்ணும்

புதுவைக் காவலர் அணியும் சிவப்புக் கெப்பித் தொப்பி பிரெஞ்சு ஆட்சியின் எச்சம் என்பதை ஊரார் அறிவர். அத்தொப்பிக்கும் முற்பட்ட காவலொன்று இந்நகரில் இருந்தது. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டுவோர் 'நயினார்' என்னும் பதவிப் பெயரை அடிக்கடி காண்பர். (நம்மவரிடையே வழங்கும் ஆட்பெயரோடு இதனைக் குழப்பிக் கொள்ளலாகாது.) சுதேசிகளுக்கான காவலின் தலைவர் அவரே. வழக்குகளைத் தீர்க்கச் சாவடி என்னும் நீதிமன்றம் இருந்தது. சாட்டையடியும் காதறுப்பும் அந்நாளில் விந்தையல்ல.

எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தில் நிலைமை இதனினும் கொடிது. வரி தண்டும் தாசில்தாரே காவல் அதிகாரியாகவும் விளங்கினார். சித்திரவதை குறித்து ஆராய்ந்த குழு 1855இல் தந்த அறிக்கையில், விரல்களை நெரிக்கும் 'கிட்டி', உடலை வளைத்துக் கட்டும் 'அண்ணாந்தாள்' என்னும் நம் தமிழ்ச் சொற்களே ஆங்கில எழுத்தில் ஏறின. நம் மொழி அந்த ஏட்டில் இடம்பெற்ற வகையை எண்ண வெட்கமாகவே இருக்கிறது. அதன்பின் 1859இல் சென்னைக்கும், 1861இல் இந்தியாவுக்கும் காவல் சட்டங்கள் பிறந்தன. காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்துக்குச் சான்றாகாது என்று 1872இன் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது.

இதனை மேனாட்டார் கண்டுபிடித்த நுட்பம் என்று நம் இளைஞர் சிலர் கருதுகின்றனர். ஹிஜ்ரி 182இல் மறைந்த காழி அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள், கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில், சந்தேகத்தின் பேரில் ஒருவனை அடித்துப் பெறும் ஒப்புதல் செல்லாது எனத் தெளிவுபடுத்தியுள்ளார்கள். பட்டினியும் அச்சமும் சிறையும் ஒருவனைத் தனக்கெதிராகவே பேசவைக்கும் என்னும் உமர் (ரலி) அவர்களின் கருத்தையும் அங்கே எடுத்துக்காட்டுகிறார்கள். நூலில் இருந்தது, நம் சுல்தான்களின் கொத்தவால்கள் அதனை எவ்வளவு மதித்தார்கள் என்பது வேறு கேள்வி.

மீண்டும் புதுவைக்கு வருவோம். 1908இல் பாரதியாரும், 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் இங்கே அடைக்கலம் புகுந்தனர். ஆங்கிலேயரின் ரகசியப் போலீசார் வீதிதோறும் வேவு பார்த்தனர். ஆயினும் பிரெஞ்சு மண்ணில் எவரையும் கைது செய்யும் அதிகாரம் அவர்களுக்கில்லை. 1912இல் ஐயர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு பாத்திரம் வெளிப்பட்டது. உள்ளே ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள்! யாரோ வேண்டுமென்றே போட்டவை. மறைத்தால் மாட்டிக் கொள்வோம், நாமே பிரெஞ்சு அதிகாரிகளிடம் அறிவித்துவிடுவோம் என்று பாரதியார் யோசனை கூறினார். அவ்வாறே செய்தனர். பின்னர் அரவிந்தர் இல்லத்தைச் சோதனையிடப் போலீசாருடன் விசாரணை நீதிபதி ஒருவரும் வந்தார். பிரெஞ்சு முறையில் புலன்விசாரணையை நடத்துபவர் அவரே. மேசையில் கிரேக்க, லத்தீன் நூல்களைக் கண்டு வியந்தார். குற்றத்துக்குரியது எதுவும் கிடைக்காமல் திரும்பினார். போலீசார் மட்டும் வந்திருந்தால் சோதனை எவ்வாறு முடிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. 1918 நவம்பரில் பாரதியார் எல்லையைக் கடந்ததுமே கடலூரில் கைதானதை நினைத்துப் பார்த்தால் ஊகிக்கலாம்.

எனினும் பிரெஞ்சு நீதியைப் புகழ்ந்து முடித்துவிட இயலாது. எட்டு மணிநேர வேலை முதலிய உரிமைகளைக் கோரிய சவானா ஆலைத் தொழிலாளர்மீது 1936 ஜூலை 30 அன்று ஆட்சியினரின் துப்பாக்கிகள் முழங்கின. பன்னிருவர் மாண்டனர். ஒரு வீட்டின் வாயிலில் நின்ற நீதிபதி ஆலையின் வாயிலில் இல்லை. அவர்கள் கேட்ட எட்டு மணிநேரம் மறு ஆண்டில் சட்டமாயிற்று.

1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது; இந்தியச் சட்டங்கள் வந்தன; தொப்பி மட்டும் நின்றது. காவலரின் அத்துமீறலைக் காவலரே விசாரிக்கும் முறைக்கு மாற்றாக, தனியாகப் புகார் ஆணையங்கள் அமைக்குமாறு பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 2006 செப்டம்பர் 22இல் ஆணையிட்டது. அவற்றின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்றும் கூறியது. புதுச்சேரியிலும் அத்தகைய ஆணையம் நிறுவப்பட்டது. ஆனால் நாட்டின் பல மாநிலங்கள் தம் சட்டங்களில் 'கட்டுப்படுத்தும்' என்ற சொல்லை விட்டுவிட்டு, வெறும் பரிந்துரை என்ற அளவில் நிறுத்திக்கொண்டன.