உணர்விழந்த கைகளும் வேலூர்த் தச்சுப் பட்டறையும்

தொழுநோயாளியின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்னும் நம்பிக்கை, 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் அந்நோய்க்குரிய நுண்ணுயிரைக் கண்டறிந்த பின்னரும், ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் மக்களிடையே மட்டுமன்றி மருத்துவர்களிடையேயும் நிலைபெற்றிருந்தது. அந்நுண்ணுயிர் முதன்மையாகத் தோலையும், மூளை, தண்டுவடம் ஆகியவற்றுக்கு வெளியே உடலெங்கும் பரவியுள்ள புற நரம்புகளையும் தாக்குகிறது. முழங்கையின் உட்புறமாகச் செல்லும் அல்நார் நரம்பு பழுதுபட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொக்கிபோல் மடங்கிவிடுவதோடு, அந்த நரம்பு ஆளும் பகுதியில் தொடுகை, சூடு, வலி ஆகிய உணர்வுகளும் மறைகின்றன. மக்கள் ‘மரத்துப்போதல்’ என்று சொல்லும் இந்த உணர்விழப்பே விரல்கள் அழிவதற்கு வழிவகுக்கிறது என்பது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்ட இடங்களில் வேலூர் முதன்மையானது.

கொல்லிமலையில் சமயப்பணி ஆற்றிய ஆங்கிலேயத் தம்பதியருக்கு 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிட்டபோது, எலும்பு முறிவையும் மூட்டுவாதத்தையும் ஆராயும் மருத்துவர்கள் இத்தனை ஆயிரம் முடங்கிய கைகளை ஏன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. பாதிக்கப்படாத நரம்பின் கீழ் இயங்கும் தசையின் நாணை எடுத்து மடங்கிய விரலுக்குப் பொருத்தும் தசைநாண் மாற்று அறுவையை 1940களின் இறுதியில் அவர் தொழுநோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். தொழுநோயாளியின் தசை ஆறாது என்று கருதப்பட்ட காலத்தில் அறுவைப் புண்கள் இயல்பாகவே ஆறின; விரல்கள் நிமிர்ந்தன; ஆனால் இழந்த உணர்வு மட்டும் திரும்பவில்லை.

நிமிர்ந்த விரல்களால் உடனே வாழ்வும் நிமிர்ந்துவிடவில்லை. மடங்கிய கையை நீட்டிப் பிச்சையெடுத்துப் பிழைத்தவர்கள், கை சீரானபின் பிச்சை குறைந்துவிட்டது என்று மருத்துவரிடமே முறையிட்டனர்; வேலை கொடுப்பாரோ ஒருவருமில்லை. இந்த நிலைமைக்கு விடையாக 1950களின் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே எளிய குடில்களுடன் ‘நியூ லைஃப் சென்டர்’ என்னும் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. மருத்துவம் படிப்பதற்கு முன்பு கட்டடத் தொழிலும் தச்சும் பயின்றிருந்த பிராண்ட், அங்கே தச்சுப் பட்டறை ஒன்றை அமைத்தார்; அங்கு மர விளையாட்டுப் பொருள்கள் செய்யப்பட்டன.

அந்தப் பட்டறையில்தான் உண்மையான பாடம் தொடங்கியது. உணர்வுள்ள கை, சுத்தியலைப் பிடிக்கும்போது எவ்வளவு இறுக்கம் போதுமென்பதைத் தானே அளந்துகொள்ளும். ஓரிடத்தில் அழுத்தம் மிகுந்தால் நாம் எண்ணிப்பார்ப்பதற்கு முன்பே பிடி மாறிவிடும். உணர்விழந்த கையோ தேவைக்கு மேல் பலமடங்கு இறுக்கிப் பிடித்து, அதே இடத்திலேயே மணிக்கணக்கில் அழுத்தத்தைத் தாங்கி, கொப்புளம் கண்டு, புண்ணாகி, சீழ்பிடித்து, இறுதியில் எலும்பையும் இழக்கிறது. துருப்பிடித்த பூட்டில் பெரியவர்களாலேயே திருப்ப முடியாத சாவியை ஒரு சிறுவன் எளிதாகத் திருப்பியதையும், அவன் விரலின் தசை கிழிந்து எலும்பு தெரிந்ததை அவன் அறியவேயில்லை என்பதையும் பிராண்ட் பின்னாளில் எழுதியிருக்கிறார். நோயாளிகளின் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடப்பட்டது: ஒன்றுக்கு உளியின் பிடி, மற்றொன்றுக்கு அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம். இரவில் காணாமற்போன விரல் துண்டுகளை எலிகள் தின்றன என்று தெரிந்தபின், நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன.

ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சை, அன்றாடச் செயல்களையே மருந்தாகக் கொண்டு மனிதரை மீண்டும் செயலுக்குத் தகுதிப்படுத்தும் துறையாகும். அத்துறைக்கான சங்கம் 1917இல் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் உருவானது. இந்தியாவில் கமலா நிம்ப்கர் 1950இல் பம்பாயில் அதற்கான முதல் பள்ளியைத் தொடங்கினார். கூடை முடைதலும் நெசவும் சோர்ந்த மனத்தையும் தளர்ந்த தசையையும் மீட்கும் என்பதே அத்துறையின் தொடக்ககாலப் பார்வை. வேலூரிலோ கைத்தொழில், மீட்கும் வழியாக மட்டுமன்றி, உணர்வின்றி ஒரு கை எங்கெங்கே தவறுகிறது என்பதைக் காட்டும் சோதனைக் களமாகவும் ஆயிற்று. கருவிகளுக்குத் தடித்த பிடி போடுதல், சூடான பாத்திரத்தைத் துணியின்றித் தொடாதிருத்தல், தொடுகை செய்யவேண்டிய வேலையைக் கண்ணிடம் ஒப்படைத்தல், நாள்தோறும் கைகால்களை நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவிப் புண் இருக்கிறதா என்று பார்த்தல் ஆகியவை சிகிச்சையின் பகுதிகளாயின. உலகப் புகழ் என்னவோ அறுவைக்கே சேர்ந்தது. நிமிர்ந்த விரலைப் படம்பிடித்துக் காட்டலாம், சுட்டுக்கொள்ளாத விரலை எப்படிக் காட்டுவது? ஆயினும் நோயாளியின் விரல்களைக் காத்ததில் பட்டறையின் பங்கு அறுவை மேசையின் பங்குக்குக் குறைந்ததன்று.

1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்து, பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார்; அவர் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு நிலையம் 1966இல் வேலூரில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று, உணர்விழந்த கால்களைக் காக்கும் முறைகளை அங்கு மேலும் வளர்த்தார்.

அங்கிருந்து அந்த அறிவு நீரிழிவு மருத்துவத்திற்குப் பரவியது. ஏனெனில் நீண்டநாள் சர்க்கரை நோயும் பாதத்தின் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. பத்து கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி உணர்வைச் சோதிக்கும் முறை இன்று சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் வழக்கமாகியுள்ளது. உணர்விழந்த பாதங்களுக்காக வேலூரிலும் அதை அடுத்த கரிகிரித் தொழுநோய் மையத்திலும் உருவாக்கிப் பயன்படுத்தப்பட்ட, நுண்ணறை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பை இப்போது தமிழ்நாட்டுச் செருப்புக் கடைகளில் சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்குகின்றனர்.